கொருக்குப்பேட்டையின் கானாக்கா

வடசென்னையில், கல்மண்டபத்துக்குப் பக்கத்தில், துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்புகிறவர்களுக்குச் சுங்க வேலைகளை முடித்துக் கொடுக்கும் ஒரு சிறிய அலுவலகத்தில் நான் வேலை செய்துகொண்டிருந்தேன். வாசலில் எந்நேரமும் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும். டிரைவர்கள் கேபினிலேயே சமைத்து, கேபினிலேயே தூங்கி, போகிற வருகிறவர்களைப் பற்றி ஏதாவது பேசிக்கொண்டிருப்பார்கள். அக்காவை நான் முதலில் பார்த்தது அந்த வரிசைக்கு நடுவில்தான்.

மஞ்சளும் நீலமுமாகப் பெரிய பூப்போட்ட கவுன், ஒட்ட வெட்டிய சுருட்டை முடி, இடுப்பில் ஒரு அட்டைப்பெட்டி. நல்ல உயரம். ஆப்பிரிக்கப் பெண் என்று தூரத்திலேயே தெரிந்தது. ஒரு டிரைவர் கேபின் ஜன்னலில் சாய்ந்துகொண்டு பக்கத்து வண்டிக்காரரிடம் சத்தமாகச் சொன்னார்.

"மச்சான், இன்னா கறுப்புடா இது!"

அக்கா நின்றார். தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார்.

"நீ இன்னா வெள்ளக்காரனா, நைனா?"

வரிசை முழுக்க வெடித்த சிரிப்பில் டீக்கடை மாஸ்டர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். அந்த டிரைவர் கீழே இறங்கி வந்தார்.

"ஸாரிக்கா. உங்களுக்குத் தமிள் தெரியும்னு தெரியாது."

"தெரியலன்னா சொல்லலாமா?"

டிரைவர் பெட்டியை வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டு எங்கள் அலுவலகம் வரைக்கும் கொண்டுவந்து வைத்தார். பின்னாளில் அக்காவும் நானும் அனுப்பிய சரக்கை எண்ணூர்த் துறைமுகத்துக்கும் சென்னைத் துறைமுகத்துக்கும் ஏற்றிப் போகிறவர் அவரே ஆனார். அன்று எனக்கு அதெல்லாம் தெரியாது. ஜன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டு, இத்தனை வருடங்களில் நான் சொல்ல நினைத்துத் தொண்டையிலேயே விழுங்கிய வாக்கியத்தை யாரோ சொல்லிக் கேட்ட திகைப்பில் இருந்தேன்.

நானும் கறுப்புதான். திருவொற்றியூர் கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் அதை யாரும் ஒரு குறையாகச் சொன்னதில்லை; வெளியில்தான் சொன்னார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் போனில், "பொண்ணு நல்லாத்தான் கீது, கலர்தான்..." என்று இழுப்பார்கள். அலுவலகத்தில் முன்மேசைக்குப் பார்க்க லட்சணமாக ஒருத்தி வேண்டும் என்பது முதலாளியின் கொள்கை. அதனால் என் நாற்காலி உள்ளறையில், கோப்பு அலமாரிக்கும் குடிதண்ணீர் கேனுக்கும் இடையில் இருந்தது. அன்று முன்மேசைப் பெண் லீவு. அதனால்தான் அக்காவிடம் பேசும் வேலை எனக்கு வந்தது.

பெட்டியில் இருந்தது முடி. நன்றாகக் கழுவி, சீவி, நீளம் பார்த்துப் பிரித்துக் கட்டிய பெண்களின் தலைமுடி. அதைத் தன் ஊருக்கு அனுப்ப வேண்டும் என்றார். எந்த ஊர் என்று கேட்டேன்.

"கானா."

டீ கொண்டுவந்த மாஸ்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "கானாவா? நம்ம ஊரு கானாவா? பாட்டு பாடுவீங்களாக்கா?" என்றார். சாவு வீட்டிலும் கல்யாண வீட்டிலும் டிரம்மைத் தட்டிப் பாடும் கானா எங்கள் பக்கத்துச் சொத்து. அதே பெயரில் ஒரு நாடு இருக்கிறது என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. அந்த வாரமே அக்காவுக்குக் கல்மண்டபம் முழுக்க 'கானாக்கா' என்று பெயர் ஆகிவிட்டது. அவரும் அதை விரும்பித்தான் ஏற்றுக்கொண்டார்.

அவர் கதையைத் துண்டு துண்டாகத்தான் நான் தெரிந்துகொண்டேன். கானாவில் ஒரு துறைமுக ஊர். அம்மா மீனைப் புகை போட்டுப் பதப்படுத்தி விற்கிறவர். அங்கே மீன் சந்தையில் பெண்கள் வைத்ததுதான் சட்டமாம். கல்லூரிப் படிப்புக்காகச் சென்னைக்கு வந்தார். அவர் தங்கியிருந்த விடுதியில் கூட்டிப் பெருக்க வரும் அம்மா, சீப்பில் கழியும் முடியை எல்லாம் சேர்த்துச் சுருட்டி எடுத்துப் போவாராம். எதற்கு என்று கேட்டதற்கு, "தெருவுல வர்றவன் வாங்கிப்பான். சிக்கெடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பறாங்களாம்" என்று பதில் வந்தது. எந்த வெளிநாடு என்று அக்காவுக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை. அவருடைய அக்கா தங்கைகள், சித்திகள் எல்லோரும் விசேஷ நாளில் வைத்துக்கொள்ளும் முடி அது. பல கை மாறிப் போய்ச் சேரும் அந்த முடிக்கு ஒரு கை போதுமே என்று அன்று தோன்றியதாம். படிப்பை முடித்து ஊருக்குப் போனவர், வியாபாரம் செய்வதற்கென்று திரும்பி வந்தார். தமிழ் கற்றது விடுதிச் சமையலறையிலும் வண்ணாரப்பேட்டைக் கடைத்தெருவிலும். அதனால் அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ் எங்கள் தமிழ்.

அவரோடு இடம் தேடி அலைந்தது எனக்கு மறக்கவே மறக்காது. முடியைச் சுத்தம் செய்ய ஒரு கூடம், தங்க ஒரு அறை. போனில் பேசும்போது எல்லா வீடும் காலியாக இருக்கும். நேரில் போய் நின்றால், "இப்பத்தான்மா அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாங்க" என்பார்கள். ஒரு வீட்டம்மா கதவைப் பாதி திறந்து, அக்காவைப் பார்க்காமல் என்னிடமே பேசி அனுப்பினார். எனக்கு அழுகை வந்தது. அக்கா படியிறங்கிக்கொண்டே, "அந்தம்மா போட்டுகினு இருந்த நைட்டி சூப்பரா இருந்துச்சு, எங்க வாங்கினாங்கன்னு கேட்டிருக்கலாம்" என்றார். நான் சிரித்துவிட்டேன். ஆனால் அதற்குப் பிறகு பஸ் ஸ்டாப் வரும் வரைக்கும் அவர் எனக்கு முன்னால் வேகமாக நடந்துகொண்டே இருந்தார்.

கடைசியில் கொருக்குப்பேட்டையில், சரக்கு ரயில் தண்டவாளத்தை ஒட்டி ஒரு பழைய பருப்பு குடோன் கிடைத்தது. மேலே ஓர் அறையும் இருந்தது. சொந்தக்காரர் தெற்கத்தி மளிகை வியாபாரி. அக்காவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வேத்து நாட்டுக்காரின்னு யோசிக்கல தாயி. நான் எங்கூர்க்காரனையே நம்ப மாட்டேன். ஒழுங்கா வாடகை வந்தாச் சரி" என்றார். இத்தனை நாளில் எங்களுக்குக் கிடைத்த மிக மரியாதையான பதில் அது.

கம்பெனி தொடங்கவும் ஒரு நிபந்தனை இருந்தது. இந்த நாட்டிலேயே குடியிருக்கும் ஒருவர் இயக்குநராக இருக்க வேண்டும். அக்கா என்னைக் கேட்டார். நான் பயந்துபோனேன். பி.காம் படித்திருந்தேன், சுங்க வேலை தெரியும், அவ்வளவுதான். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவரிடம் சொன்னபோது வேண்டாம் என்று சொல்லவில்லை.

"கையெழுத்து போடறதுக்கு முன்னாடி அந்தம்மாவ ஒரு நாளு வூட்டுக்கு இட்டுகினு வா."

ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா வந்தார். அம்மா காரப்பொடி மீன் குழம்பு வைத்திருந்தார். காரப்பொடி, முள் நிறைய இருக்கும் சின்ன மீன். எங்கள் சொந்தக்காரர்களிலேயே பாதிப் பேர் தட்டில் ஒதுக்கி வைப்பார்கள். அக்கா பேச்சை நிறுத்தாமல், முள்ளை விரலால் நீவி எடுத்துவிட்டு, தலையையும் உறிஞ்சிச் சாப்பிட்டார். அவருடைய ஊர்த் துறைமுகத்துக்குப் போகும் கப்பல்களில் அப்பா சரக்கு ஏற்றியிருக்கிறார் என்பது பேச்சில் தெரியவந்தது. அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் கப்பல் கதையாகவே பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா கிளம்பியதும் அப்பா, "போடு" என்றார். அவ்வளவுதான். நான் வேலையை விட்டேன்.

எங்கள் பக்கத்தில் சந்து சந்தாகப் பெண்கள் சிக்கு முடி பிரிப்பார்கள். தரகர் மூட்டையாகக் கொண்டுவந்து வீட்டு வாசலில் போடுவார். பந்து பந்தாகச் சிக்கிக் கிடக்கும் முடியை, தரையில் உட்கார்ந்து ஊசியால் நெம்பி ஒவ்வொரு இழையாகப் பிரிக்க வேண்டும். அதில் இல்லாத அழுக்கு இல்லை: பேன், பொடுகு, மண், பிளாஸ்டிக் துண்டு. குனிந்தே இருப்பதால் முதுகு போகும். தூசியால் இருமல் வரும். இருமினால் தரகர், "குப்பத்துல எவன் இருமல?" என்பார்.

அக்கா முதலில் வேலைக்கு அழைத்தது இவர்களைத்தான். முதல் நாள் வந்தவர்கள் குடோனுக்குள் மேசை நாற்காலி போட்டிருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்கள். மேசைக்குக் கீழிருந்து தூசியை இழுத்து வெளியே தள்ளும் மின்விசிறிகள் வைத்திருந்தோம். முடியை முதலில் அலசிக் காயவைத்த பிறகுதான் பிரிக்க வேண்டும் என்பது அக்காவின் விதி. அப்படிச் செய்தால் வேலை மெதுவாகும் என்று நானே வாதாடினேன். அக்கா கேட்கவில்லை.

அந்தப் பெண்களில் ஒருவரை எல்லோரும் பெரியக்கா என்று கூப்பிடுவோம். குரலும் பெரிது, கோபமும் பெரிது. முதல் நாளே அக்காவை நேராகப் பார்த்துக் கேட்டார்.

"ஊருக்கே முடி விக்கற, உன் தலையில ஒண்ணியும் காணோமே? நீ ஒரு டோப்பா வெச்சிகினா இன்னா?"

"பிரியாணி கடைக்காரரு மூணு வேளையும் பிரியாணியா துன்றாரு?" என்றார் அக்கா.

பெரியக்கா சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நாளிலேயே சந்தில் பாதிப் பேர் எங்களிடம் வந்துவிட்டார்கள். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. எல்லாம் பிடித்துக் கட்டியபோது, "என் பேர்ல ஆஸ்பத்திரி கார்டு கீதுபா" என்று பெரியக்கா அதை லேமினேஷன் செய்து சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்.

வியாபாரம் வளர்ந்தது. கானாவில் அக்காவின் சித்தி மகள் ஒரு கடை திறந்தார். பிறகு பக்கத்து நாடுகளில் இருந்தும் ஆர்டர்கள் வந்தன. அப்படி வந்த பெரிய ஆர்டர் ஒன்றில் ஒரு கோரிக்கையும் இருந்தது. முடியோடு சேர்த்து, இங்கே கிடைக்கும் சிவப்பழகு கிரீம்களையும் பெட்டி பெட்டியாக அனுப்ப வேண்டும். அங்கே அதற்கு நல்ல கிராக்கி. நான் சந்தோஷமாகக் கணக்குப் போட ஆரம்பித்தேன். அக்கா என் மேசையில் இருந்த கைப்பையைக் காட்டினார். அதன் பக்கவாட்டு ஜிப்புக்குள் என் கிரீம் டியூப் துருத்திக்கொண்டிருந்தது.

"நீ எத்தினி வருஷமா தடவற?"

கல்லூரியில் இருந்து என்றேன்.

"எங்க வூட்டு மூத்தக்காவும் தடவுனா. என் கூடப் பொறந்தவ" என்று தன் வீட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அங்கே விற்கும் கிரீம்கள் இன்னும் கடுமையானவையாம். முகம் வெளுத்தது, பிறகு திட்டுத் திட்டாகக் கறுத்தது, தோல் மெலிந்துபோனது. இப்போது அவரால் அம்மாவோடு புகை அடுப்புக்குப் பக்கத்தில் நிற்க முடியாது, வெயிலில் போக முடியாது. "எங்கம்மாக்கு அப்புறம் அந்தக் கடைய அவதான் பாக்கணும். இப்ப அவ கதவ சாத்திகினு உள்ள ஒக்காந்துகினு கீறா."

அந்தக் கிரீமை அனுப்ப மாட்டோம் என்று அவர் எழுதிவிட்டார். முடி மட்டும் அனுப்புகிறோம் என்றும் எழுதினார். அவர்கள் இரண்டையுமே வேறு ஆளிடம் வாங்கிக்கொண்டார்கள். என்னிடம் அவர் டியூபைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. நானும் அன்றே தூக்கிப் போடவில்லை. ஆனால் அது தீர்ந்தபோது இன்னொன்று வாங்கத் தோன்றவில்லை.

இப்படியே எல்லாம் நன்றாகப் போயிருந்தால் எழுத இவ்வளவு இருந்திருக்காது.

ஒரு திங்கட்கிழமை காலை. பெண்கள் வேலையைத் தொடங்கியிருந்த நேரம். இரண்டு ஜீப்பில் போலீஸ் வந்தது. முடிப் பெட்டிகளுக்குள் போதை மருந்து வைத்து அனுப்புவதாக யாரோ போனில் சொல்லியிருக்கிறார்கள். மோப்ப நாயும் வந்தது. அனுப்பத் தயாராக இருந்த பெட்டிகளை எல்லாம் பிரித்துக் கொட்டினார்கள். வாரக்கணக்கில் நீளம் பார்த்து அடுக்கிய முடி தரையில் ஒரே குவியலாகக் கிடந்தது. எதுவும் கிடைக்கவில்லை. ஆனாலும், பாஸ்போர்ட்டையும் விசாவையும் சரிபார்க்க வேண்டும் என்று அக்காவை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். அக்கா செருப்பைப் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறினார். எதிர்வீட்டு மாடியில் இருந்து ஒருவர் செல்போனில் படம் எடுத்தார்.

நான் ஆவணங்களை எல்லாம் பையில் அள்ளிக்கொண்டு ஆட்டோவில் போனேன். கம்பெனிப் பதிவு, ஏற்றுமதி உரிமம், வாடகை ஒப்பந்தம் எல்லாம் சரியாகவே இருந்தன. "இன்ஸ்பெக்டர் வரட்டும்" என்றார்கள். அக்கா சுவரோரம் பெஞ்சில் நேராக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "எல்லாரும் வூட்டுக்குப் போயிட்டாங்களா?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன்.

யாரும் வீட்டுக்குப் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் வாசலில் சத்தம் கேட்டது. பெரியக்கா முன்னால் வர, பின்னால் அத்தனை பேரும். ஆளுக்கொரு கோணிப்பை. வாசல் காவலர் தடுத்தார்.

"இங்க கூட்டம் போடக் கூடாதும்மா."

"யாரு கூட்டம் போட்டா? சும்மா ஒக்காந்தாதானே கூட்டம்? நாங்க வேல செய்ய வந்துகிறோம்" என்றார் பெரியக்கா. "எங்க வேலய கொட்டிட்டு வந்துட்டீங்க. மொதலாளியயும் இட்டுகினு வந்துட்டீங்க. அவங்க எங்க கீறாங்களோ அங்கதான் எங்களுக்கு வேல."

ஸ்டேஷன் முற்றத்து வேப்ப மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து, கோணிகளை அவிழ்த்து, ஊசியை எடுத்துச் சிக்குப் பிரிக்க ஆரம்பித்தார்கள். அவர்கள் கொண்டுவந்தது அலசாத முடி. குடோனில் பின்பக்கம் வைத்திருந்ததை, வேண்டுமென்றேதான் தூக்கி வந்திருந்தார்கள். கடற்காற்று வேறு. தூசியும் துண்டு முடியும் பறந்து ஸ்டேஷனுக்குள் வந்தன. ரைட்டர் தும்மினார். டீயில் முடி மிதந்தது. ஒரு போலீஸ்காரர் ஜன்னலைச் சாத்தினார். புழுக்கம் தாங்காமல் அவரே திறந்தார். அந்தப் பெண்கள் திட்டினால் போலீஸ்காரர்கள் எழுந்து போய்விடலாம், கத்தினால் அதட்டலாம். ஆனால் குனிந்த தலை நிமிராமல் வேலை செய்துகொண்டிருக்கும் பெண்களை என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

மதியத்துக்கு மேல் இன்ஸ்பெக்டர் வந்தார். அவரும் பெண்தான். ஜீப்பில் இருந்து இறங்கும்போதே கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார்.

"என்னம்மா இது, மூச்சு விட முடியல?"

"முடியாதுல்ல மேடம்?" பெரியக்கா தலையை நிமிர்த்தினார். "எங்களுக்கு இருவது வருஷமா முடியல. அந்தம்மா வந்துதான் ஃபேன் போட்டுக் குடுத்துச்சு. அத்தப் புடிச்சி உள்ள ஒக்கார வெச்சிகிறீங்க."

இன்ஸ்பெக்டர் உள்ளே வந்து நான் நீட்டியவற்றை எல்லாம் நிதானமாகப் படித்தார். அக்காவைப் பார்த்து ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். அக்கா தமிழில் பதில் சொன்னார்.

"மேடம், யாரு போன் பண்ணாங்கன்னு நான் கேக்கல. கொட்டிக் கெடக்கற முடிய அடுக்க எனக்கு ரெண்டு வாரம் ஆவும். அத்த மட்டும் எங்கயாவது எழுதிக்கோங்க."

இன்ஸ்பெக்டர் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தார். "போகலாம்மா" என்றார். வாசலில் அக்காவைப் பார்த்ததும் பெண்கள் கைதட்டவோ கத்தவோ இல்லை. பெரியக்கா எழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டே, "துன்னியா?" என்று கேட்டார். அப்புறம் எல்லோரும் முற்றத்தை விளக்குமாற்றால் சுத்தமாகப் பெருக்கிவிட்டுத்தான் கிளம்பினார்கள்.

ஆட்டோவில் நானும் அக்காவும் மட்டும். ஏறியதும் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அத்தனை நேரம் பெஞ்சில் கல் மாதிரி உட்கார்ந்திருந்தவர். "பிளேன்ல ஏத்தி அனுப்பிடுவாங்கன்னு நெனச்சேன்" என்றார். "ஜெயிலு கூட இல்ல. பிளேன். போனா திரும்பி வர முடியாது." வீடு வரும் வரைக்கும் கையை விடவில்லை. துணிச்சலான ஆள் என்று எல்லோரும் அவரைச் சொல்லும்போது எனக்கு அந்தப் பிடிதான் நினைவுக்கு வரும். அவ்வளவு பயத்தையும் வைத்துக்கொண்டு அவர் மறுநாள் காலை குடோனைத் திறந்தார்.

போன் செய்தது யார் என்று கடைசி வரை தெரியவில்லை. எங்கள் எல்லோருக்கும் ஒரே ஆள் மேல்தான் சந்தேகம்: சந்தில் பாதிப் பேரை எங்களிடம் இழந்த அந்தத் தரகர். அக்கா அவரைத் தேடிப் போனபோது நானும் கூடப் போனேன், பெரிய சண்டை நடக்கும் என்று நினைத்துக்கொண்டு. அக்கா அவர் வீட்டு வாசலில் நின்று, "முடி பொறுக்கறவங்க எல்லாரையும் உங்களுக்குத் தெரியும். எங்களுக்குக் கொள்முதல் பாத்துக் குடுப்பீங்களா?" என்று கேட்டார். ஒரு வாரம் கழித்துத் தரகர் வேலைக்கு வந்து சேர்ந்தார்.

பெரியக்காவுக்கு ஆத்திரம். "அந்த ஆளு மூஞ்சியப் பாத்துகினு நான் வேல செய்யணுமா?" என்று கத்தினார். அக்கா, "வெளிய இருந்தா இன்னும் நூறு பேர தரையில ஒக்கார வெப்பாரு. உள்ள இருந்தா நம்ம ரூல்ஸ்தான்" என்றார். பெரியக்கா மாதக்கணக்கில் அக்காவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. எதுவானாலும் என் மூலமாகத்தான் சொல்லியனுப்புவார். அதில் யார் பக்கம் நியாயம் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. தரகர் திருந்திய மனிதர் ஆகிவிட்டார் என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் அலசாத முடி எதையும் அவர் இப்போது யார் வீட்டு வாசலிலும் போடுவதில்லை.

ஸ்டேஷன் விஷயம் பரவியதும் மற்ற சந்துகளில் இருந்தும் பெண்கள் வந்து அக்காவைப் பார்த்தார்கள். எல்லோருக்கும் எங்களால் வேலை கொடுக்க முடியாது. வேறு வழியில்தான் போக வேண்டும் என்றார் அக்கா. வண்ணாரப்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் முடி வியாபாரிகள் கூடும் கூட்டத்துக்கு எங்களையும் அழைத்துப் போனார். அறை முழுக்க வெள்ளைச் சட்டை. சிக்கு பிரிப்பவர்களைத் தரையில் உட்கார வைக்கக் கூடாது, அலசாத முடியைக் கொடுக்கக் கூடாது, எல்லோரும் சேர்ந்து இந்த முடிவை எடுக்க வேண்டும் என்று அக்கா பேசினார். பின்வரிசையில் ஒருவர் எழுந்தார்.

"வெளிநாட்டுல இருந்து வந்தவங்க எங்களுக்குச் சொல்லித் தரணுமா?"

"நான் சொல்லித் தரல சார். உங்க கஸ்டமரு கேக்கறாங்க, நான் வந்து சொல்றேன்" என்றார் அக்கா. "இந்த முடிய வாங்கித் தலையில வெச்சிக்கறவங்க என் அக்கா, என் தங்கச்சி, என் சித்தி. இத்த யாரு பிரிச்சாங்க, அவங்க எப்டி கீறாங்கன்னு கேக்கறாங்க. இருமிகினு கீறாங்கன்னு சொல்லட்டுமா?"

அன்றைக்கு எதுவும் முடிவாகவில்லை. அடுத்த கூட்டத்திலும் இல்லை. அக்கா ஒவ்வொரு கூட்டத்துக்கும் போனார். ஒவ்வொரு முறையும் பெரியக்காவையோ வேறொருவரையோ மேடைக்கு அருகில் உட்கார வைத்துப் பேச வைத்தார். மெல்ல மெல்ல, ஒருவர் மேசை போட்டார், அவரைப் பார்த்து அடுத்தவர் போட்டார். எல்லா இடத்திலும் இல்லை. இன்றும் கொருக்குப்பேட்டையில் சில சந்துகளுக்குள் போனால் தரையில் குனிந்திருக்கும் பெண்களைப் பார்க்கலாம். அக்கா அந்தச் சந்துகளின் பெயரை மனப்பாடமாக வைத்திருக்கிறார்.

குடோனுக்கு மேலே இன்னும் இரண்டு அறைகள் கட்டினோம். இங்கே படிக்க வந்து வீடு கிடைக்காமல் அலையும் ஆப்பிரிக்கப் பெண்களுக்காக. வந்து சேரும் பிள்ளைகள் முதல் வாரம் யாரைப் பார்த்தாலும் மிரளுவார்கள். பிறகு பெரியக்காவிடம் தமிழ் கற்றுக்கொண்டு, எங்களை மிரட்டுவார்கள்.

போன மாதம் வியாபாரிகள் சங்கத்தின் தலைவர் பதவிக்கு எங்கள் கம்பெனி சார்பில் அக்கா நின்றார். எங்கள் பெண்கள் சாயங்கால நேரங்களில் கடை கடையாக ஏறி ஓட்டுக் கேட்டார்கள். அக்கா தோற்றார். வித்தியாசம் ரொம்பப் பெரிது. மண்டபத்துப் படியில் நின்று, ஜெயித்தவருக்குக் கை கொடுத்துவிட்டு, எங்கள் முகங்களைப் பார்த்து, "இன்னா, சாவு வூடு மாதிரி நிக்கிறீங்க? எனக்கு ஓட்டுப் போட்டவன் ஒவ்வொருத்தனும் எதுக்குப் போட்டான்னு தெரிஞ்சி போட்டான்" என்றார். பிறகு எல்லோரையும் ஐஸ்கிரீம் கடைக்கு இழுத்துப் போனார். அங்கே உட்கார்ந்து ஓட்டுப் போட்டவர்கள் யார் யார் என்று ஊகித்துக்கொண்டிருந்தோம். அந்தப் பட்டியலில் வெளிநாட்டுக்காரர் சொல்லித் தரணுமா என்று அன்று கேட்டவரும் இருக்கிறார் என்று பெரியக்கா சத்தியம் செய்கிறார்.

மறுநாள் நான் குடோனுக்குப் போனபோது அக்கா எனக்கு முன்னால் வந்திருந்தார். முன்கூடத்தில், வருகிறவர்கள் முதலில் பார்க்கும் என் மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஏதோ ஒரு பெட்டியின் மேல் ஊர்ப் பெயரைத் தப்பாக ஒட்டியது யார் என்று கத்திக்கொண்டிருந்தார். ஒட்டியது நான்தான். சொன்னேன். "நீயா? நீ ஒட்டுனா எவன் செக் பண்ணுவான்?" என்று என்னையும் ஒரு பிடி பிடித்தார். லாரி வாசலில் ஹாரன் அடித்தது. லேபிளைக் கிழித்து நான் புதிதாக ஒட்ட, அவர் பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு வெளியே போனோம்.